கை சரி

முப்பத்தெட்டு நாளாக ஆறாத ஒரு வெட்டுக்காயத்தைத் தினமும் காலையில் பார்த்து, அதற்கு நேராக ‘கை சரி’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். காயம் என் அக்கா பாண்டீஸ்வரியுடையது. எழுதிய கை என்னுடையது.

எங்கள் கம்பெனி பழனி ரோட்டில் இருந்தது. காய் வெட்டுகிற கம்பெனி. கேரட், பீன்ஸ், கோஸ், புடலை, சேனை எல்லாவற்றையும் கழுவி, வெட்டி, ஈரம் போக உலர்த்தி, பையில் அடைத்துப் பெரிய ஊர்களுக்கு அனுப்புவோம். வெட்டுகிற நூற்று நாற்பது பேரும் பெண்கள். நான் தர அலுவலர். வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அக்கா பத்தாவதோடு நின்று காய் வெட்டப் போனாள், அந்தச் சம்பளத்தில் நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தேன். படித்து முடித்து, அவள் கையைச் சோதிக்கிற வேலைக்கு அதே கம்பெனிக்கு வந்தேன். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

காலை ஆறே முக்காலுக்குக் கை செக்கிங். வரிசையாக வருவார்கள். நீட்டு, திருப்பு, போ. நகம் இருக்கிறதா, மோதிரம் இருக்கிறதா, காயம் இருக்கிறதா. காயம் இருந்தால் ஹாலுக்குள் விடக்கூடாது. ஆறுகிறவரை வீட்டில் இருக்க வேண்டும், அந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. அந்த விதி சாப்பிடுகிறவர்களுக்காகப் போட்டது. வெட்டுகிறவர்களை நினைத்து யாரும் விதி போடவில்லை.

புதிய பை வந்தது போன வருஷம். அதைக் கண்டுபிடித்த டாக்டர் வைதேகி மேடம் எங்களை உட்கார வைத்து விளக்கினார். நல்ல மனுஷி. கத்த மாட்டார், பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

“காயை வெட்டினா அது உடனே செத்துடாது. உயிரோடதான் இருக்கும், மூச்சு விடும். வெட்டின இடத்துலேருந்து மத்த செல்லுக்கெல்லாம் ஒரு சேதி போகும், நம்மள வெட்டிட்டாங்கன்னு. அந்தச் சேதி போனப்புறம்தான் கறுக்கும், வாடும், அழுகும். இத்தனை நாளா நாம ஆக்சிஜனைக் குறைச்சோம், குளிர்ல வெச்சோம். அதாவது மூச்சை அடக்கினோம். இந்தப் பை அதைச் செய்யல. பையோட உள்பக்கத்துல ஒரு பூச்சு இருக்கு. அது சேதியையே நிறுத்திடும்.”

“அப்ப காய்க்கு என்ன ஆகும் மேடம்?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் ஆகாது. தன்னை வெட்டினதே அதுக்குத் தெரியாது.”

எல்லோரும் கை தட்டினார்கள். நானும்தான். ஆறு நாள் தாங்கிய பீன்ஸ் நாற்பது நாள் தாங்கியது. பிரித்தால் அப்போது வெட்டியது போல முனையில் ஈரம் மின்னும். ஹாலில் பெண்கள் அந்தப் பைத் தாளுக்குத் தூக்கத்தாள் என்று பெயர் வைத்தார்கள்.

தூங்காத காய் ஒன்றே ஒன்று, சின்ன வெங்காயம். எத்தனை முறை செய்து பார்த்தாலும் அந்தப் பை மட்டும் உப்பிவிடும். அதோடு சேர்த்து வைத்த மற்ற பைகளும் விழித்துக்கொண்டு ஒரே நாளில் அழுகிவிடும். அதனால் வெங்காயம் உரிக்கிற பெண்களைப் பின்னால் தகரக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். அவர்கள் ஹால் வாசலில்கூட நிற்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. அவர்கள் சேலையில் இருக்கிற வாசம் போதுமாம், சரக்கு கெட்டுவிடுமாம்.

அக்காவுக்கு எட்டாம் மாசம் நடந்துகொண்டிருந்தபோது சேனை வெட்டுகையில் இடது ஆள்காட்டி விரலில் கத்தி இறங்கியது. கையுறையோடு சேர்த்துத்தான் இறங்கியது. அவள் கையை ஏப்ரனுக்குள் ஒளித்துக்கொண்டு பாத்ரூமுக்கு வந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

“எழுதிடாதடி ஜோதி. இப்பவே வீட்ல உக்காந்தா பிரசவத்துக்கு லீவு நாள் பத்தாது. மாமா வேற நாசிக் லோடுக்குப் போயிருக்காரு.”

“ரத்தம் ஊத்துதுக்கா.”

“அதுக்கு நான் என்ன செய்ய? வேணும்னா வெட்டினேன்?”

கம்பெனி தருகிற நீலக் கட்டு போட்டால் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். என் பாக்கெட்டில் சாம்பிளுக்கு வைத்திருந்த தூக்கத்தாள் இருந்தது. ஒரு துண்டு கிழித்து, பூச்சு உள்ளே இருக்கும்படி அவள் விரலில் சுற்றினேன். வேறு எந்த ஊர் ஆபீசராவது இதைச் செய்திருப்பாளா தெரியாது. படித்த திமிர் பாதி, அக்கா மேல் பாசம் பாதி. ஒரு நிமிஷத்தில் ரத்தம் நின்றது.

“ஏ, குளுகுளுன்னு இருக்குடி. வலியே இல்ல.”

மறுநாளே பக்கத்து மேஜைக்குச் சேதி போய்விட்டது. ஒரு வாரத்தில் ஹாலில் எல்லோர் இடுப்பிலும் ஒரு துண்டு தாள் இருந்தது. காலையில் அதைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டுவார்கள். ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை, சீழ் இல்லை. நானும் உற்றுப் பார்க்காமல் எழுதினேன். கேட் பக்கம் ‘விபத்தில்லா நாட்கள்’ என்று ஒரு போர்டு உண்டு. அது நூறைத் தொட்ட அன்று கேக் வெட்டினார்கள். கேக்கை வெட்டிய, ஹாலிலேயே மூத்த பெண்ணின் கட்டைவிரலில் நகக்கண் வரை பிளவு இருந்தது. சிரித்துக்கொண்டே வெட்டினார்.

முப்பத்தெட்டாம் நாள், அக்கா லீவில் போவதற்கு முந்திய காலை, அவள் விரலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெட்டு வாய் திறந்திருந்தது. ஓரம் கறுக்கவில்லை, பொருக்கு கட்டவில்லை. உள்ளே இளஞ்சிவப்பாகச் சதை ஈரமாக மின்னியது. அரைமணி நேரத்துக்கு முன்பு வெட்டியது போல இருந்தது. அந்த மினுமினுப்பை எங்கே பார்த்திருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“அக்கா, இது ஆறவே இல்லக்கா.”

“வலிச்சாத்தானடி காயம்” என்று கையை உருவிக்கொண்டாள். “பின்னாடி நிக்கிறாளுக, விடு.”

விட்டேன். ‘கை சரி’ என்றும் எழுதினேன்.

லீவு போட்ட மூன்றாவது வாரம், அக்கா வீட்டில் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தட்டு நழுவிக் கொதிக்கிற கஞ்சி அவள் வலது பாதத்தில் விழுந்தது. அவள் அசையவில்லை. காலில் ஆவி பறக்கிறது, அவள் பானையைச் சாய்த்துப் பிடித்தபடி என்னிடம், “வந்துட்டியா, மிளகாப் பொடி வாங்குனியா?” என்று கேட்கிறாள்.

அவள் காலைக் கையால் காட்டினேன். அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். தோல் வெந்து வழன்றிருந்தது. அடுத்தவர் காலைப் பார்ப்பது போல ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“ஜோதி, எனக்கு ஏன்டி சுடல?”

அன்று அவளுக்குப் பிரசவத்துக்குச் சொன்ன நாள் தாண்டி ஆறு நாள். இடுப்பு வலி ஏன் வரவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. ஆட்டோ கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் மருந்து வைத்தார்கள், டிரிப்ஸ் ஏற்றினார்கள். இரண்டு நாள் போனது. பக்கத்துக் கட்டில்களில் வந்தவர்கள் கத்தி, பெற்று, வீட்டுக்கே போய்விட்டார்கள். அக்கா மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்தவள் போல உட்கார்ந்திருந்தாள். காலை ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மா, “இனிமே காத்திருக்க முடியாது. நாளைக்குப் பத்து மணிக்கு ஆபரேஷன்” என்றார்.

நான் அக்காவின் கையை எடுத்து அவர் முன்னால் விரித்தேன்.

“இது என்னம்மா, இன்னிக்கா வெட்டிக்கிட்டாங்க?”

“ரெண்டு மாசம் ஆச்சு டாக்டர்.”

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். வலி தெரியாமல் பிறகு பட்டவையும் சேர்த்து ஒன்பது விரலில் பதினொரு வெட்டு. ஒன்றுகூட மூடவில்லை.

“நீங்க வயித்தை வெட்டினா அதுவும் இப்படித்தான் இருக்கும்” என்றேன். “உள்ளயும் வெளியவும். மூடாது.”

தூக்கத்தாள் சுற்றிய கதையைச் சொன்னேன். அவர் உடனே நம்பவில்லை. ஆனால் திட்டவும் இல்லை. “என்ன பூச்சு, என்ன மருந்துன்னு கம்பெனிலேருந்து எழுதி வாங்கிட்டு வா. முறிவு மருந்து இருந்தா அதையும். குழந்தைத் துடிப்பு நல்லாயிருக்கு, நாளைக்குக் காலை வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல நான் காத்திருக்க மாட்டேன்.”

மத்தியானம் கம்பெனி லேபில் வைதேகி மேடம் தனியாக இருந்தார். மேஜையில் ஐம்பத்திரண்டு நாள் ஆன பீன்ஸ் பை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். தாளை முதலில் சுற்றியது நான் என்பதையும் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நான் காய்க்குத்தான் டெஸ்ட் பண்ணினேன், நாகஜோதி. சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. குடல்ல உடைஞ்சிடும். திறந்த காயத்துல, மாசக்கணக்குல... யாரு அப்படி வெப்பாங்கன்னு யோசிக்கல.”

“காயம்னா ஆறுற வரைக்கும் சம்பளம் போகும் மேடம். வெப்பாங்க.”

“எனக்குத் தெரியாது.”

“தெரியும். விதி எழுதின பேப்பர்ல உங்க கையெழுத்தும் இருக்கு.”

அவர் பீன்ஸ் பையை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

“முறிக்க என்ன குடுக்கணும்? அதைச் சொல்லுங்க போதும்.”

“முறிவு இல்லையே. தூங்க வைக்கத்தான் கேட்டாங்க. எழுப்ப வழி வேணும்னு யாரும் கேக்கல.” அப்புறம் மெதுவாகத் தன் கையுறையைக் கழற்றினார். உள்ளங்கையில் கண்ணாடி கிழித்த கோடு ஒன்று, மெல்லிசாக, சிவப்பாக, திறந்தபடி. “நானும் ஒட்டிக்கிட்டேன். மார்ச்ல. சீக்கிரம் ஆறிடும்னு நெனச்சேன்.”

எனக்கு அவர் மேல் கோபப்பட ஆசை. ஆனால் அவர் அந்தக் கோட்டையே திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். பயந்தவரைத் திட்டினால் என் பயம் குறையப்போவதில்லை. பூச்சில் என்ன இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினேன்.

தகரக் கொட்டகையைத் தாண்டும்போது கண் எரிந்தது. எரிந்ததும் நின்றுவிட்டேன். தினமும் அந்தத் தாளைத் தொடுகிறவள் நான். கடைசியாக எனக்கு எப்போது எரிந்தது என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. இப்போது எரிகிறது, தண்ணீர் கொட்டுகிறது, மூக்கு ஒழுகுகிறது. தூங்காத காய். பக்கத்தில் இருப்பதையும் எழுப்பிவிடுகிற காய்.

உள்ளே போனேன். இருபது பெண்கள் உரித்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் இருந்தது வெள்ளத்தாய். அவரைக் கம்பெனி மீட்டிங்கில் ‘வாசம்’ என்று சொல்லித்தான் பேசுவார்கள்.

“என்னாத்தா ஆபீசு, வழி தவறிட்டியா? ஹாலுக்குத் தீட்டாயிரும், போ.”

“அக்கா, நீங்க யாராச்சும் தூக்கத்தாள் கட்டினீங்களா? கையில வெட்டுப்பட்டா?”

வெள்ளத்தாய் என் முகத்தைப் பார்த்தார். நான் அழுகிறேனா வெங்காயமா என்று பார்த்திருப்பார்.

“கட்டுனோம். குப்பைக்கு வர்ற துண்டுதான, திருட்டு ஒண்ணும் இல்ல. கட்டுனா சொகமாத்தான் இருந்துச்சு. மறுநா இத உரிச்சா சாறு எறங்கிக் கடுத்துருச்சுல்ல. உசுரு போச்சு. வேணாம்டா சாமினு பிச்சு எறிஞ்சேன்.” கட்டைவிரலைக் காட்டினார். கறுப்பாக, காய்ந்து, முரடாக ஒரு பொருக்கு. “நாலே நாள்ல இப்புடி.”

என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான எதையும் பார்த்ததில்லை. அந்த விரலைப் பிடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவர் முந்தானையில் இரண்டு படி வெங்காயத்தை அள்ளிப் பையில் கொட்டினார்.

“கொண்டு போ. பாவம் பாத்து நசுக்காத. நல்லா நசுக்கு.”

டாக்டரம்மா பேப்பரை வாசித்தார், வெங்காயத்தைப் பார்த்தார். “இதுல கேடு ஒண்ணும் இல்ல. ஆனா பத்து மணி பத்து மணிதான்” என்று போய்விட்டார்.

டிபன் பாக்ஸில் நசுக்கி, அக்காவின் இரண்டு கைகளையும் அதற்குள் அழுத்தி வைத்தேன். பாதத்திலும் சாறு தடவினேன். நர்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு, “இது வார்டா, குழம்பு வைக்கிற எடமா?” என்றார். அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“நான்தான்க்கா சுத்தினேன்.”

“ஆமாடி, நீதான்.” சிரிப்பு நின்றுவிட்டது. “படிச்ச புள்ள சுத்துது, சரியாத்தான் இருக்கும்னு கைய நீட்டினேன். மத்தவளுகளுக்கும் சொன்னேன்.”

வெங்காயத்தை மாற்றினேன். மறுபடி மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. என் கன்னத்தின் உள்பக்கத்தை நானே கடித்துப் பார்த்தேன், வலிக்கிறதா என்று. அந்தப் பழக்கம் அன்று வந்தது.

விடிந்து டீக்காரர் வந்தபோது அக்கா, “கால்ல எறும்பா பாரு” என்றாள். எறும்பு இல்லை. கொஞ்ச நேரத்தில், “எரியுதுடி” என்றாள். பிறகு பாக்ஸிலிருந்து கைகளை உருவி முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். இரண்டு மாசத்து வலி ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தது. பதினொரு வெட்டும், வெந்த காலும். அவள் கத்திய கத்தலில் வார்டே எழுந்தது. விரல்களில் ரத்தம் துளிர்த்தது. நான் அவளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன், அழுகிறேன். எதிர்க்கட்டில் அம்மா, “கூடப் பொறந்தவ கத்துறா, நீ பல்லைக் காட்டுறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா” என்று திட்டினார்.

ஒன்பது மணிக்கு இடுப்பு வலி வந்தது. டாக்டரம்மா தியேட்டருக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். பதினொன்று பத்துக்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோ தொள்ளாயிரம்.

குழந்தை அழவில்லை.

குதிகாலில் தட்டினார்கள். முதுகைத் தேய்த்தார்கள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தது. “மூச்சு நல்லாயிருக்கு, நிறம் நல்லாயிருக்கு” என்றார் டாக்டரம்மா. இரண்டாம் தடவையும் அதையே சொன்னார். மூன்றாம் தடவை சொன்னபோது என்னைப் பார்த்துச் சொன்னார். தொடையில் ஊசி போட்டார்கள். ஊசி இறங்குவதைக் குழந்தை அமைதியாகக் கவனித்தது.

“சமத்து” என்றார் நர்ஸ்.

மறுநாள் ஆறே முக்காலுக்கு நான் கம்பெனியில் இருந்தேன். நூற்று முப்பத்தொன்பது பேர் கையையும் ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு நேராக ‘கை சரியில்லை’ என்று எழுதினேன். லைன் நின்றது. எட்டு மணிக்கு என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அதைவிட, பெண்கள் பேசியதுதான் உறைத்தது.

“உனக்கென்னடி, டிகிரி இருக்கு, வேற எடம் போயிருவ. எங்க அடுப்பு?”

“நல்லாத்தான இருந்துச்சு. வலிச்சுதுனு உங்கிட்ட எவளாச்சும் சொன்னாளா?”

எவளும் சொல்லவில்லைதான். ஆனால் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஏழெட்டுப் பேர் தகரக் கொட்டகைப் பக்கம் போய்க் கையை நீட்டினார்களாம். வெள்ளத்தாய் போனில் சொன்னார். ஒருத்தர் லேப் கோட்டும் கையுறையுமாக வந்தாராம், கூட்டத்துக்குப் பின்னால் நின்றாராம். ‘விபத்தில்லா நாட்கள்’ போர்டை யாரும் அழிக்கவில்லை. அதில் எண் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

அக்காவின் விரல்களில் பொருக்கு கட்டிவிட்டது. அரிக்கிறது என்று நாள் முழுக்கப் புலம்புகிறாள். கேட்கக் கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது. ஆனால் பிள்ளைக்குப் பசித்தால் தெரிவதில்லை. அதனால் கடிகாரம் பார்த்துப் பால் கொடுக்கிறோம். ஈரத்துணியை நாங்களே தொட்டுப் பார்த்து மாற்றுகிறோம். அதற்கு எங்கே என்ன நடந்தாலும் அதுவாகச் சொல்லாது. ஆகவே தூங்கப் பயமாக இருக்கிறது. நானும் அவளும் முறை வைத்து உட்கார்ந்திருக்கிறோம்.

இன்று பன்னிரண்டாம் நாள். தொப்புள்கொடி இந்நேரம் காய்ந்து விழுந்திருக்க வேண்டும். காலையில் துணியை விலக்கிப் பார்த்தேன். நறுக்கிய முனை ஈரமாக, வெளுப்பாக, அப்போது வெட்டியது போல மின்னியது. பையைப் பிரித்ததும் பீன்ஸ் முனை மின்னுமே, அப்படி.

பக்கத்து வீட்டுக் காமுத்தாய் அக்கா எட்டிப் பார்த்தார்.

“குடுத்து வெச்சவடி பாண்டி. என் பேரன்லாம் மூணு மாசம் ஊரையே எழுப்புனான். இது சத்தமே இல்லாத புள்ள. பொட்டப்புள்ளைன்னா இப்புடித்தான் இருக்கணும்.”

உரித்த வெங்காயத்தையும் சின்ன உரலையும் அக்கா என் பக்கம் தள்ளினாள். நான் நசுக்கிச் சாற்றைத் துணியில் நனைத்துக் குழந்தையின் வயிற்றுப் பக்கம் வைத்தேன். குழந்தை எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது. எனக்குக் கண் எரிந்தது, அக்காவுக்கும் எரிந்தது. அதன் கண் மட்டும் தெளிவாக இருந்தது.

“பாவம் பாக்காதடி” என்றாள் அக்கா. “இன்னும் நல்லா நசுக்கு.”